வீட்டில் கட்டிய விமானத்துக்கு வினைல் போர்த்துதல்

ஆண்டுக்கணக்கில் மாலை வேளைகளையும் விடுமுறை நாட்களையும் இதற்கென்றே ஒதுக்கி, ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளைத் தம் கையாலேயே அடித்து முடித்த ஒருவர், வெற்று அலுமினியம் பளபளக்க நிற்கும் தம் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இனி நிறமூட்டுவது ஒன்றுதான் பாக்கி என்று எண்ணும் கட்டத்தை எட்டியதும், அவர் முன் இரண்டு மார்க்கங்கள் தென்படுகின்றன. ஒன்று, இரண்டு திரவங்களைக் கலந்து ஸ்ப்ரே கன்னால் அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட். அதன் கடினப்படுத்தும் திரவத்திலுள்ள ஐசோசயனேட் என்னும் ரசாயனம் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பதாகையால், வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடியும் அதற்கென அமைந்த தனி அறையும் இல்லாமல் அதை வீட்டுக் கொட்டகையில் கையாளுவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மற்றொன்று, கார்களுக்கும் பஸ்களுக்கும் ஒட்டப்படுகிற அதே ஜாதி வினைல் படலத்தைக் கொண்டு விமானத்தைப் போர்த்துவது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

உதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பது, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் உதிரிப் பாகங்களாக விற்கும் ஆர்வி-7 என்னும் இருவர் அமரும் உலோக விமானம். சட்ட விஷயங்களில் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளையே குறிப்பிடுகிறேன். பிற தேசத்தில் கட்டுவோர் தங்கள் ஊர் விதிகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு நியமத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். படலம் என்பது உடுப்பு. உடுப்பு உடலின் எடைச் சமநிலையை மாற்றக்கூடாது, உடல் மூச்சுவிடும் துளைகளை அடைக்கக்கூடாது, உடலில் காயம் உண்டானால் அதை வைத்தியன் கண்ணுக்கு மறைக்கவும் கூடாது. கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்து பிறந்தவையே.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

அலுமினியத் தகட்டால் ஆன விமானமே இந்த வேலைக்கு உத்தமமானது.

நுரையும் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் கொண்டு கட்டப்பட்ட விமானமானால், நிறத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. பர்ட் ரூட்டான் வடிவமைத்த வேரி-ஈஸி, லாங்-ஈஸி போன்ற விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே காட்சியளிப்பது அழகை உத்தேசித்து அன்று. கருநிறம் வெயிலை உறிஞ்சி எபாக்ஸியை இளகச் செய்துவிடும் என்பதே காரணம். பெயிண்டுக்குப் பொருந்தும் அந்த விதி படலத்துக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். ஹீட் கன்னின் சூட்டையும் அவ்விமானங்கள் நெடுநேரம் தாங்கமாட்டா.

துணி போர்த்திய விமானத்துக்கு இந்த யோசனையே வேண்டாம். துணியின் இழுவிசையும் அதன்மேல் பூசிய பூச்சும் நுட்பமாக இணைந்து நிற்பவை. படலத்தை என்றைக்காவது உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து உரிந்துவந்துவிடும்.

தாளைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் வினைல் என்று கேட்டால் இரண்டு வகைகளைக் காட்டுவார்கள். உருளைகளுக்கு இடையே நசுக்கித் தகடாக்கப்பட்ட ‘காலண்டர்டு’ வகை மலிவானது. ஆனால் நசுக்கி இழுக்கப்பட்டதை அது மறப்பதில்லை, வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பச் சுருங்கப் பார்க்கும், விளிம்புகள் எழும்பும். திரவமாக ஊற்றிக் காயவைக்கப்படும் ‘காஸ்ட்’ வகையில் அந்த உள்ளிழுப்பு இல்லாததால், வளைவுகளிலும் ரிவெட் தலைகளிலும் அது படிந்து கிடக்கும். விமானத்துக்குக் காஸ்ட் வகையைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். த்ரீஎம் 2080, ஏவரி டென்னிசன் எஸ்.டபிள்யூ. 900 போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. 60 அங்குல அகலச் சுருளாகக் கிடைக்கும். பசையில் காற்று வெளியேறுவதற்கான நுண்ணிய கால்வாய்கள் இருப்பதால் புதிதாகப் பழகுவோருக்கும் குமிழிகள் அதிகத் தொல்லை தரமாட்டா.

குறிப்பு: வாங்கிய தாளில் ஒரு சதுர மீட்டர் வெட்டி, பின்தாளை உரித்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். 150 கிராம் என்று வந்தால், ஆர்வி-7 இறக்கையின் பரப்பு 121 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர் ஆகையால், மேலும் கீழுமாக இறக்கைக்கு மட்டும் மூன்று கிலோவுக்கு மேல் ஏறும் என்பதை வேலை தொடங்குமுன்பே அறிந்துகொள்ளலாம்.

மற்றச் சாமான்கள் எளியவை: நுனியில் துணி ஒட்டிய ஸ்க்வீஜி, ஹீட் கன், அகச்சிவப்பு வெப்பமானி, மாஸ்கிங் டேப், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், இழை உதிராத துணிகள், ரிவெட்டுக்கான வட்டத் தூரிகை, மெல்லிய ஊசி, பருத்திக் கையுறை. நிபந்தனையாகச் சொல்வது ஒன்று உண்டு: உள்ளே இழை பொதிந்த ‘நைஃப்லெஸ்’ டேப் இரண்டு சுருளாவது வாங்கிவிடுங்கள். ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

கத்தி உலோகத்தைத் தொடலாகாது

கார்க் கடைகளில் கைதேர்ந்தவர்கள் தாளைக் காரின் மேலேயே வைத்துப் பிளேடால் கோடு இழுத்து வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் அது மகா பாதகம்.

அதன் காரணத்தைக் கண்ணால் காண விரும்பினால், விமானம் கட்டியபோது மிஞ்சிய தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, அதில் தாளை ஒட்டி, வழக்கமான அழுத்தத்தோடு பிளேடால் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தாளை உரியுங்கள். உரித்த இடத்தில் குறுக்காக நகத்தை ஓட்டுங்கள். நகம் ஓரிடத்தில் தட்டுப்படும். இந்தத் தகடு 2024-டி3 என்னும் உறுதியான கலப்பு உலோகம்; உறுதி மிக்கது, ஆனால் அரிப்புக்கு எளிதில் இடங்கொடுப்பது; ஆகவே அதன் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய கவசமாகப் படிய வைத்திருக்கிறார்கள். இந்தக் கவசம் ஒரு பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் சுமார் 5 சதவீதம். இறக்கையில் உபயோகமாகும் 0.025 அங்குலத் தகட்டைக் கணக்கிட்டால், கவசத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்குதான். பசையோடு கூடிய வினைல் தாளின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தாளை அறுத்த பிளேடு அதற்கப்பால் இம்மியளவு இறங்கினாலே கவசம் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் அரிப்பு புகும். பறக்கும்தோறும் அதிர்ந்து வளையும் தகட்டில் அந்தக் கீறலே விரிசலுக்கு வித்தாகும். இவ்வளவையும் மேலே கிடக்கும் அழகான படலம் மறைத்துக்கொண்டிருக்கும்.

ஆகையால், வெட்ட வேண்டிய இடத்தில் முதலில் நைஃப்லெஸ் டேப்பை ஒட்டி, அதன்மேல் தாளைப் படியவைத்து அழுத்தி, பிறகு உள்ளிருக்கும் இழையைப் பிடித்து இழுங்கள். இழை கீழிருந்து மேலாகத் தாளை அறுத்துக்கொண்டு வரும். மற்றத் துண்டுகளை மேஜையின்மேல் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் நாட்களில் பிளேடு விமானத்தின் அருகே வராமலிருப்பதே நல்லது.

தீயும் புகையும்

1. ஆர்வி விமானங்களில் பெட்ரோல் டாங்கிகள் இறக்கையின் முன்விளிம்பிலேயே அமைந்தவை. ஒருமுறையேனும் எரிபொருள் நிரப்பிய டாங்கியானால், அதை வடித்து, ஆவி முற்றிலும் நீங்கும்படி செய்யாமல் ஹீட் கன்னை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். காலி டாங்கியில் தங்கும் ஆவி, நிறைந்த டாங்கியைவிட அபாயகரமானது.

2. ஆல்கஹால் தோய்ந்த துணிகளை மூடியுள்ள உலோக டப்பாவில் போட்டு வெளியே வைத்துவிட்ட பிறகே ஹீட் கன்னை எடுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கையில் இருக்கக்கூடாது.

3. வினைல் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். கதவைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

4. அக்ரிலிக் காக்பிட் மூடியை முதல் காரியமாகப் போர்த்தி மூடிவிடுங்கள். அசிட்டோன், தின்னர் போன்றவற்றின் ஒரு துளி பட்டாலும் அதில் நுண்வெடிப்புகள் கிளம்பும்.

ஒட்டும் கிரமம்

1. கழற்ற முடிந்தவற்றையெல்லாம் கழற்றுங்கள்: ஐலரான், ஃபிளாப், எலிவேட்டர், ரடர், இறக்கை நுனி, சோதனை மூடிகள். சோதனை மூடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போர்த்த வேண்டும். மூடியையும் அதன் ஸ்க்ரூக்களையும் சேர்த்து ஒரே தாளால் மூடிவிட்டால், வருஷாந்தரப் பரிசோதனையின்போது யாராவது பிளேடை எடுத்து அதைக் கிழிக்க நேரும். அது எங்கே கொண்டுவிடும் என்பதை மேலே பார்த்தோம்.

2. சோப்புத் தண்ணீரால் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை அகற்றி, இறுதியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒரு துணியால் நனைத்துத் துடைத்தவுடன், அது காயுமுன்பே மற்றொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மறுபடி படியும். பெயிண்ட் அடித்த பாகம் இருந்தால் அது முற்றிலும் உலர்ந்து, வாசனை அடங்கிய பிறகே ஒட்டுங்கள்.

3. கொட்டகையின் வெப்பம் 16 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும் 30-க்கு மிகாமலும் இருக்கட்டும். குளிரில் பசை பிடிக்காது. அதிக வெப்பத்தில் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டு எடுக்க வராது.

4. வாலில் ஆரம்பித்து மூக்கை நோக்கியும், அடியில் ஆரம்பித்து மேல்நோக்கியும் வாருங்கள். ஓட்டுக் கூரை வேய்பவன் இறவாரத்தில் முதல் வரிசையை வைத்து முகட்டை நோக்கி ஏறுவதும், மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் கவிந்து மழைநீரை வழியவிடுவதும் போலத்தான் இதுவும். விமானத்துக்குக் காற்றே மழை, மூக்கே முகடு. முன்புறத் தாள் பின்புறத் தாளின்மேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் கவிய வேண்டும். வரிசை மாறினால் மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் வரும் காற்று தாளின் வாய்க்குள் புகும்.

5. இறக்கையின் முன்விளிம்பின்மேல் ஒட்டுவாய் வரலாகாது. இறக்கையைத் தனியே கழற்றி, மெத்தை வைத்த தாங்கியில் முன்விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திக்கொண்டால் இது மிகச் சுலபமாகும். கொடியில் வேட்டியைப் போடுவது போல 60 அங்குல அகலத் தாளை முன்விளிம்பின்மேல் நடுமட்டமாகப் போட்டு, இருபுறமும் தொங்கவிட்டு, முன்விளிம்பில் முதலில் ஒட்டி, அங்கிருந்து இரு பக்கமும் சமமாக இறங்கி வர வேண்டும். இப்படிச் செய்யும்போது ஒட்டுவாய்கள் யாவும் காற்றோட்டத்தின் திசையிலேயே அமைவதால் காற்றுக்கு எதிர்முகமாக நிற்கும் விளிம்பே இராது.

6. இதற்கு இரண்டு பேர் அவசியம். ஒருவர் தாளைச் சுருக்கமில்லாமல் பிடித்துக்கொண்டு பின்தாளைச் சிறுகச் சிறுக உரிக்க, மற்றவர் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஸ்க்வீஜியை ஓட்டட்டும். ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பில் பாதியை மூட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அதை அழுத்தித் தேய்க்காமல், தாளைத் தூக்கி, லேசாகச் சூடு காட்டி, மறுபடி கிடத்துங்கள். சூட்டால் சுருக்கம் தானே மறையும்.

7. ரிவெட் வரிசைகளுக்கு வந்தால் அவசரம் உதவாது. ஆர்வி-7-இல் பெரும்பாலான ரிவெட்டுகள் தகட்டோடு சமமாக அமிழ்ந்தவை. அவற்றின் விளிம்பிலுள்ள மெல்லிய பள்ளத்தின்மேல் தாள் கூடாரம்போல் நிற்கும். ஆர்வி-12 போன்றவற்றில் தலை புடைத்த ரிவெட்டுகள். அங்கே கூடாரம் இன்னும் பெரிது. ஊசியால் அருகில் ஒரே ஒரு துளையிட்டுக் காற்றை வெளியேற்றி, சூடு காட்டி, வட்டத் தூரிகையால் சுழற்றி அழுத்துங்கள். ஒரு வரிசை முடிந்ததும் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி பார்த்தால் சில எழும்பியிருக்கும். அவற்றுக்கு மீண்டும் அதே சிகிச்சை. பகற்பொழுது முழுவதும் ஓர் இறக்கையின் ஒரு பக்கத்து ரிவெட்டுகளிலேயே கழிந்தாலும் அது வீண் அல்ல.

8. எல்லாம் படிந்த பிறகு, வளைவுகளையும் விளிம்புகளையும் சுமார் 90 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுங்கள். உங்கள் தாளின் விவரப் பத்திரத்தில் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே பிரமாணம். இழுபட்ட தாள் பழைய வடிவத்தை மறப்பது இந்தச் சூட்டினால்தான். கையால் தொட்டு மதிப்பிடாமல் வெப்பமானியால் அளந்துகொண்டே நகருங்கள். புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதன்மையானது இந்த ஒரு படியை விட்டுவிடுவது. முதல் கோடையிலேயே விளிம்புகள் பின்வாங்கும்.

9. எரிபொருள் மூடியைச் சுற்றியும், காற்றுக்கு எதிரே நிற்கும் விளிம்புகளிலும் அதற்குரிய சீலரைப் பூசுங்கள். சிந்தும் பெட்ரோல் பசையைக் கரைக்கும்.

மூடக்கூடாத இடங்கள்

பிட்டோ குழாய், டாங்கிக் காற்றுத் துளைகள், அடியிலுள்ள வடிகால் துளைகள், விமானத்தின் அடையாளத் தகடு ஆகியவற்றை ஒட்டுமுன் சிவப்பு டேப்பால் அடையாளமிட்டு, எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதி, முடிந்தபின் அதே எண்ணிக்கையைச் சரிபாருங்கள். வடிகால் துளை ஒன்று அடைபட்டாலும் உள்ளே தேங்கும் நீர் வெளியேற வழியில்லை.

நிலையழுத்தத் துளையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆர்வி விமானங்களில் உடற்பகுதியின் பின்புறப் பக்கங்களில், சாதாரண ரிவெட் போலத் தலை புடைத்து நடுவில் துளையுள்ளதாகக் காணப்படும் அந்தச் சிறு பொத்தானின் வழியாகத்தான் வேகமானியும் உயரமானியும் அழுத்தத்தை அறிகின்றன. அந்தப் புடைப்பின் உயரமே அளவு சரியாக வருவதற்காக அமைந்தது. அதைச் சுற்றித் தாள் ஒட்டினால் உயரம் மாறும், அதன் முன்னே ஒட்டுவாய் வந்தால் காற்றோட்டம் கலையும், வேகமானி பொய் சொல்லும். ஆகவே அங்கே உள்ளங்கை அளவு இடத்தை வெறும் உலோகமாகவே விடுங்கள்.

எக்ஸாஸ்ட் குழாயின் பின்னுள்ள அடிப்பாகத்தையும், புரொப்பெல்லரையும் விட்டுவிடுங்கள்.

இயக்கப் பரப்புகளின் சமநிலை

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஐலரானும் எலிவேட்டரும் கீலில் ஆடுபவை; கீலுக்குப் பின்னால் உள்ள எடைக்கு ஈடாக முன்னால் எதிர்எடை வைத்திருக்கிறார்கள். ஆர்வியின் ஐலரானில் அது முன்விளிம்பில் பதித்த இரும்புக் குழாய். எலிவேட்டரில் கொம்புபோல் முன்னே நீண்ட பகுதியில் உள்ள ஈயம். இந்த ஈடு குறைந்தால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்தப் பரப்பு காற்றில் தானே படபடக்கத் தொடங்கி, ஃபிளட்டர் என்னும் அந்தப் படபடப்பு கணப்பொழுதில் பெருகி, வாலையே பிய்த்தெறிய வல்லது.

கழற்றிய எலிவேட்டரைக் கீல் அச்சில் உராய்வின்றித் தொங்கவிட்டு, அது கிடைமட்டமாக நிற்கும்போது, பின்விளிம்பின்மேல் முழ நீளத் தாள் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். கையில் எடை தெரியாத அந்தத் துண்டுக்கே பின்விளிம்பு மெல்லத் தாழ்வதைக் காண்பீர்கள். ஈயம் கீலுக்கு அருகில் இருக்க, தாளோ கீலிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் அதன் சிறு எடையும் பெரிதாகிறது.

எனவே, ஒட்டுமுன் ஒருமுறையும் ஒட்டியபின் ஒருமுறையும் சமநிலையை அளந்து எழுதிவையுங்கள். வடிவமைப்பாளரின் கையேடு அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே போயிருந்தால் தாளை உரித்துவிட்டு உலோகமாகவே விடுங்கள், அல்லது கையேடு காட்டும் முறைப்படி எதிர்எடையைத் திருத்துங்கள். ஊகத்தின்பேரில் ஈயம் சேர்க்காதீர்கள். கிழிந்த இடத்தில் பழைய தாளின்மேல் புதுத் தாள் ஒட்டும் வழக்கம் உடற்பகுதியில் குற்றமில்லை. இயக்கப் பரப்பில் கூடவே கூடாது.

எழுத்தும் எடையும்

பதிவெண்ணையும் அதே தாளில் வெட்டி ஒட்டலாம். எஃப்.ஏ.ஏ. விதிப்படி எழுத்தின் உயரம் பொதுவாக 12 அங்குலம். சுயமாகக் கட்டிய விமானத்தின் உச்சப் பயண வேகம் 180 நாட்டுக்கு மேற்படாவிட்டால் 3 அங்குலம் போதும். விமானத்தினுள் ஏறும் ஒவ்வொரு வாயிலருகிலும் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற சொல் 2 அங்குலத்துக்குக் குறையாமலும் 6 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். படலத்தின் நிறத்தோடு கலந்து மறையாத நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றையும் மீண்டும் பூட்டியபின், மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து விமானத்தை நிறுத்து, புதிய எடையையும் எடைமையத்தையும் கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.

பறந்த பிறகு

முதல் பறத்தல் குறைந்த வேகத்தில், விமான நிலையத்தின் அருகிலேயே, அரை மணிக்கு மேற்படாமல் அமையட்டும். இறங்கியதும் எஞ்சின் ஆறுமுன்பே முன்விளிம்புகள், ஒட்டுவாய்கள், கீல் இடைவெளிகள் எல்லாவற்றையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழும்பல் விரலுக்குத் தெரியும். முதல் பத்து மணி நேரப் பறத்தல் வரை ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். ரிவெட்டைச் சுற்றித் தாளின் அடியில் கருமை படர்ந்தாலோ, புழு ஊர்ந்தாற்போல் கோடுகள் புடைத்தாலோ, அங்கே தாளை உரித்து உலோகத்தைப் பாருங்கள். தளர்ந்த ரிவெட்டும் அரிப்பும் தாளின் அடியில் அப்படித்தான் தம்மைத் தெரிவிக்கும்.

காற்றுக்கு எதிரே நிற்கும் விளிம்பு ஒன்று நகக்கண் அளவு எழும்பியிருக்கக் கண்டாலும், அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு மேலே கிளம்பாதீர்கள். அந்தத் துண்டு முழுவதையும் உரித்தெடுத்துவிட்டு, வெறும் உலோகத்தோடு பறந்து வீடு திரும்புங்கள். புதிய துண்டை மறுநாள் ஒட்டிக்கொள்ளலாம்.